முதல் அணியில் சின்னப் பசங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரி கண்விழித்து ஐரோப்பிய கால்பந்து மேட்ச் பார்க்கும் நண்பர்கள் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனை மைதானத்துக்குக் கூட்டி வரும் அப்பா அம்மாக்கள் இன்னொரு பக்கம். அங்கே பயிற்சிக்கு நானும் கூடமாட உதவுகிறேன் என்பதால் இரண்டு தரப்பும் என்னிடம் கேட்கிறார்கள். சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகம்தான்: திறமை இருக்கிற பையனுக்கு ஏன் வாய்ப்பு தர மாட்டேன் என்கிறார்கள்? அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருகின்றன, ஏனென்றால் இந்த விஷயம் அங்கேதான் நூறு விதமாக நடந்து பார்க்கப்பட்டிருக்கிறது.

முதல் அணின்னா என்ன? அகாடமில இருக்கற பையன் அதுக்குள்ள எப்படி வர்றான்?

கிளப்பின் பெயரில் லீக் ஆடுகிற பெரியவர்களின் அணிதான் முதல் அணி. அதற்குக் கீழே, கிளப்பின் பயிற்சிப் பள்ளியான அகாடமியில், வயதுவாரியாக அணிகள் இருக்கும். இங்கிலாந்தில் 18 வயதுக்கு உட்பட்டோர், 21 வயதுக்கு உட்பட்டோர் என்று போகும். ஸ்பெயினில் 'பி' அணி என்று ஒன்று இருக்கும்.

பையன் ஒரே நாளில் மேலே போவதில்லை. முதலில் பயிற்சியில் ஆள் குறையும்போது கூப்பிடுவார்கள். அப்புறம் வாரம் இரண்டு நாள், பிறகு தினமும். அடுத்தது மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்ச். அதன்பின் ஜெயித்துக்கொண்டிருக்கும் மேட்சில் கடைசிச் சில நிமிடங்கள். கப் போட்டியில் ஒரு தொடக்கம். இத்தனை படி தாண்டித்தான் லீக் மேட்சின் முதல் பதினொன்றில் பெயர் வரும். டிவியில் நாம் பார்க்கும் 'திடீர் அறிமுகம்' பெரும்பாலும் ஆறேழு மாதம் பயிற்சி மைதானத்தில் யாரும் பார்க்காமல் நடந்த வேலை.

எத்தனை வயசுல இறக்கலாம்? 16 சரியா, 18 சரியா?

வயதுக்கு ஒரு எண் சொல்ல முடியாது. டங்கன் எட்வர்ட்ஸ் 1953-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு இறங்கியபோது வயது 16. வெய்ன் ரூனி 2002 அக்டோபரில் ஆர்சனலுக்கு எதிராக எவர்ட்டனுக்குக் கடைசி நிமிடத்தில் கோல் அடித்தபோது 17 பிறக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. லமீன் யமால் 2023 ஏப்ரலில் பார்சிலோனாவுக்கு இறங்கியது 15 வயதில். அடுத்த ஆண்டு ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையின் அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்தபோதும் அவருக்கு 16-தான். மறுபக்கம் ஹாரி கேன் டாட்டன்ஹாமில் நிலையான இடம் பிடித்தது 21 வயதில்.

ஆடும் இடத்தைப் பொறுத்தும் மாறும். ஓரத்தில் ஆடும் விங்கர் பந்தை இழந்தால் அதைச் சரிசெய்யப் பின்னால் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். நடுவில் நின்று தடுக்கும் டிபென்டரோ கோல்கீப்பரோ தப்பு செய்தால் நேரே கோல். அதனால்தான் அந்த இடங்களில் தாமதமாக இறக்குவார்கள். டோனருமா 2015-ல் 16 வயதில் ஏசி மிலானுக்குக் கோல்கீப்பராக நின்றது இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், அது அவ்வளவு அரிது என்பதுதான்.

நல்லா ஆடறான்னு எல்லாருக்கும் தெரியுது. கோச்சுக்கு மட்டும் கண்ணு தெரியலையா?

தெரியும். ஆனால் நாம் பார்ப்பது அந்தப் பையன் பந்தோடு இருக்கும் நேரத்தை. கோச் பார்ப்பது பந்து அவனிடம் இல்லாத நேரத்தை. தன் வயதுப் பையன்களோடு ஆடும்போது பந்து வாங்கித் திரும்ப இரண்டு நொடி கிடைக்கும். பெரியவர்கள் ஆட்டத்தில் அது அரை நொடி. முப்பது வயது டிபென்டர் தோளால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், பையனின் கணக்கு எல்லாம் கலைந்துவிடும். பின்னால் ஓடி வரும் எதிரணி ஆளைத் தொடர்கிறானா, அடித்த பாஸ் தவறியதும் தலையில் கை வைத்து நிற்கிறானா, உடனே திரும்பி ஓடுகிறானா: இதெல்லாம் பயிற்சியில் தினமும் தெரியும்.

இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும், அது பயம். மூன்று மேட்ச் தோற்றால் வேலை போகும் என்ற நிலையில் இருக்கும் கோச், தெரிந்த முகத்தைத்தான் போடுவார். பையன் தயாராவது இரண்டு வருடம் கழித்து என்றால், அப்போது அந்தப் பலனை அனுபவிக்க அவர் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். எனவே கோச்சை மட்டும் திட்டுவதில் பயனில்லை. அவருக்கு எவ்வளவு காலம் தருகிறார்கள் என்று கிளப்பைக் கேட்க வேண்டும்.

சின்னப் பசங்கள வச்சு எதையும் ஜெயிக்க முடியாதுன்னு ஒரு பெரிய ஆட்டக்காரரே சொன்னாராமே?

சொன்னார். 1995 ஆகஸ்டில், சீசனின் முதல் மேட்சில் ஆஸ்டன் வில்லாவிடம் மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று தோற்றது. அந்தக் கோடையில்தான் இன்ஸ், ஹியூஸ், காஞ்செல்ஸ்கிஸ் என்று மூன்று பெரிய பெயர்களை அனுப்பிவிட்டு, பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் என்று சொந்தப் பையன்களை அலெக்ஸ் ஃபெர்குசன் நம்பியிருந்தார். லிவர்பூலின் முன்னாள் டிபென்டர் ஆலன் ஹான்சன் டிவியில் அந்த வாக்கியத்தைச் சொன்னார். சீசன் முடிவில் யுனைடெட் லீகையும் எஃப்ஏ கோப்பையையும் சேர்த்து வென்றது.

ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பையன்களுக்குப் பின்னால் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் நின்றார். அவருக்கு முன்னால் டிபென்டர்கள் புரூஸும் பாலிஸ்டரும். நடுவில் ராய் கீன். அக்டோபரில் தடை முடிந்து எரிக் கான்டோனா திரும்பி வந்தார். பையன்கள் ஓடினார்கள், பெரியவர்கள் பிடித்து நிறுத்தினார்கள். ஹான்சன் சொன்னது முழுத் தப்பு இல்லை என்பது என் எண்ணம். சின்னப் பசங்களை *மட்டும்* வைத்து என்று சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

அதே ஆண்டு மே மாதம் வியன்னாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியையும் பாருங்கள். நெதர்லாந்தின் அயாக்ஸ் 1, ஏசி மிலான் 0. கோல் அடித்தது மாற்று ஆட்டக்காரராக வந்த 18 வயது பாட்ரிக் க்ளூய்வர்ட். அந்தப் பந்தைக் கொடுத்தது 32 வயது ஃபிராங்க் ரைகார்ட்.

அப்போ பதினோரு பேரையும் பசங்களாவே போட்டா என்ன ஆகும்?

லிவர்பூல் அதைச் செய்து பார்த்தது, வேறு வழியில்லாமல். 2019 டிசம்பர் 17-ம் தேதி லீக் கப் காலிறுதி. மறுநாள் கத்தாரில் கிளப் உலகக் கோப்பை மேட்ச் இருந்ததால் முதல் அணி முழுக்க அங்கே போய்விட்டது. வில்லாவுக்கு எதிராக இறங்கியவர்களின் சராசரி வயது 20-ஐக்கூடத் தொடவில்லை. 5-0 என்று தோற்றார்கள். மோசமாக ஆடவில்லை. ஆனால் முதல் கோல் விழுந்ததும் வேகத்தைக் குறைத்து ஆட்டத்தை அமைதிப்படுத்த ஒருவர்கூட இல்லை.

2024 பிப்ரவரி 25, அதே கோப்பையின் இறுதி, எதிரில் செல்சி. சாலா இல்லை, அலெக்சாண்டர்-ஆர்னால்ட் இல்லை, அலிசன் இல்லை, காயப்பட்டியல் நீண்டிருந்தது. கூடுதல் நேரத்தில் பாபி கிளார்க், மெக்கானல், டான்ஸ் என்று அகாடமியின் சின்ன முகங்கள் களத்தில். ஆனால் இந்த முறை அவர்களோடு அனுபவசாலி டிபென்டர் வான் டைக் நின்றார். 118-வது நிமிடத்தில் தலையால் முட்டி கோல் அடித்து அவர்தான் ஜெயித்துக் கொடுத்தார். அன்று கோல்கீப்பராக அபாரமாக ஆடிய கெல்லஹர், 2019-ல் அந்த ஐந்து கோலையும் வாங்கியவர். ஹார்வி எலியட்டும் இரண்டு மேட்சிலும் ஆடியவர். 5-0 தோல்வியோடு அவர்களை மூட்டை கட்டியிருந்தால் இந்த இரவு வந்திருக்காது.

2012 நவம்பரில் லெவாந்தேக்கு எதிராகப் பார்சிலோனாவின் பதினோரு பேரும் அதன் அகாடமியான லா மாசியாவில் வளர்ந்தவர்களாக இருந்தார்களே என்று கேட்பார்கள். உண்மை, 4-0 என்று ஜெயித்தார்கள். ஆனால் அவர்கள் சின்னப் பசங்கள் இல்லை. சாவி, புயோல், இனியெஸ்டா, மெஸ்ஸி எல்லாம் அதற்குள் உலகத்தை வென்று முடித்தவர்கள். பதினோரு பேரும் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ஒவ்வொருவராக உள்ளே வந்தவர்கள்.

யாருக்காவது காயம் ஆனாத்தான் பையனுக்குச் சான்ஸா? இது என்ன நியாயம்?

நியாயமோ இல்லையோ, பல பெரிய பெயர்கள் அப்படித்தான் வந்தன. 2016 பிப்ரவரி 25: ஐரோப்பா லீகில் மிட்யூலாண்டுக்கு எதிரான மேட்சுக்கு முன் உடம்பைச் சூடேற்றும்போது மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆந்தோனி மார்சியாலுக்குக் காயம். 18 வயது மார்கஸ் ராஷ்ஃபோர்ட் இறங்கி இரண்டு கோல் அடித்தார். மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக இன்னும் இரண்டு. செல்சிக்கு 2019-ல் காயத்துக்குப் பதிலாகத் தடை வந்தது. ஆட்டக்காரர்களை வாங்கக் கூடாது என்று ஃபிஃபா தடுத்ததால், கோச் லாம்பார்ட் மேசன் மவுண்ட், ரீஸ் ஜேம்ஸ், டாமி ஆபிரகாம், டொமோரி ஆகியோரை ஆட வைத்தார். லீகில் நான்காவது இடம் வந்தது. 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் வெற்றிக் கோலுக்குப் பந்து கொடுத்தது மவுண்ட்.

எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். அந்தத் தடை வராமல் இருந்திருந்தால் அதே பையன்கள் இன்னொரு வருடம் வேறெங்கோ ஆடிக்கொண்டிருந்திருப்பார்கள். திறமை தடைக்கு முன்பும் அதேதான். ஆனால் ஒன்று கவனியுங்கள்: கதவு தற்செயலாகத் திறக்கலாம், திறக்கும் நேரத்தில் வாசலில் நிற்பது தற்செயல் இல்லை. மார்சியாலுக்குக் காயம் பட்டபோது பதிலுக்கு இன்னொரு அனுபவசாலியைத் தேடாமல் ராஷ்ஃபோர்டை இறக்கத் துணிந்த ஒரு கோச் அங்கே இருந்தார். அவரைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

கடைசி அஞ்சு நிமிஷம் இறக்கி விடறாங்களே, அதெல்லாம் ஒரு வாய்ப்பா?

தொடராக வந்தால் வாய்ப்பு. ஒருமுறை மட்டும் என்றால் இல்லை. 2004 அக்டோபர் 16-ல் எஸ்பான்யோலுக்கு எதிராக 17 வயது மெஸ்ஸி லீகில் முதல்முறை இறங்கியது கடைசிச் சில நிமிடங்களுக்குத்தான். முதல் லீக் கோல் வந்தது 2005 மே 1-ல் அல்பாசெத்தேக்கு எதிராக, அதுவும் கடைசி நேர மாற்றாக வந்து. இடையில் ஆறரை மாதம். அவசரப்படாமல், ஆனால் மறந்தும் போகாமல் அவரை நடத்திய கோச் யார் தெரியுமா? மேலே க்ளூய்வர்டுக்குப் பந்து கொடுத்தாரே, அந்த ரைகார்ட்தான்.

இனி நான் கண்ணால் பார்த்த ஒன்று. எங்கள் மைதானத்தில் வளர்ந்த 17 வயதுப் பையன் ஒருவனை ஒரு உள்ளூர் கிளப் சேர்த்துக்கொண்டது. டிபென்டர். ஆறு வாரம் பெஞ்ச். ஏழாவது வாரம் 80-வது நிமிடத்தில் இறக்கினார்கள். மழை பெய்த தரை. கோல்கீப்பருக்குத் திருப்பி அனுப்பிய பந்து சேற்றில் நின்றுவிட்டது, எதிரணி ஆள் ஓடி வந்து அடித்துவிட்டான். தோல்வி. அந்த சீசனில் அவனை அதன்பின் ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. கேட்டால் "சான்ஸ் கொடுத்தோமே" என்றார்கள். பத்து நிமிடம் கொடுத்தது வாய்ப்பு இல்லை, பரீட்சை. அடுத்த ஞாயிறு மறுபடி இறக்கியிருந்தால் அது வாய்ப்பு. இந்தப் பக்கத்தைத் தொகுக்க உட்கார்ந்ததே அவனை நினைத்துத்தான்.

ஒரு நல்ல மாற்றம்: ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை அனுமதிக்கும் விதி 2020-ல் கொரோனா காலத்தில் தற்காலிகமாக வந்து, பிறகு நிலைத்துவிட்டது. மூன்றுதான் என்றால் கோச் ஒன்றைப் பையனுக்காகச் செலவழிக்க யோசிப்பார். ஐந்து இருந்தால் மனம் கொஞ்சம் தாராளமாகிறது.

லோன்ல அனுப்புறாங்கன்னா கழட்டி விடறாங்கன்னு அர்த்தமா?

இல்லை. லோன் என்றால் கொஞ்ச காலத்துக்கு வேறு கிளப்பில் ஆட அனுப்புவது, அவ்வளவுதான். பெக்கமை 1995-ல் கீழ்மட்ட லீகில் இருந்த பிரஸ்டனுக்கு அனுப்பினார்கள். ஐந்து மேட்ச் ஆடி, மூலையிலிருந்து உதைக்கும் ஒரு கார்னரை நேராகவே கோலுக்குள் வளைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஹாரி கேன் லேட்டன் ஓரியன்ட், மில்வால், நாரிச், லெஸ்டர் என்று நான்கு ஊர் சுற்றினார். மவுண்ட் நெதர்லாந்தின் விட்டெஸ்ஸிலும் பிறகு டெர்பியிலும் ஒவ்வொரு சீசன் ஆடினார். டெர்பியில் அவருடைய கோச் லாம்பார்ட். அந்தப் பழக்கம்தான் செல்சியில் கை கொடுத்தது.

லோனில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அங்கே அவன் இடத்தில் ஏற்கெனவே யார் ஆடுகிறார்? அந்த கோச் அவனை விரும்பிக் கேட்டாரா, அல்லது ஆள் நிரப்ப வாங்கினாரா? தாய்க் கிளப்பிலிருந்து யாராவது போய்ப் பார்க்கிறார்களா? இதற்குப் பதில் இல்லாமல் அனுப்பினால், இங்கே பெஞ்சில் உட்கார்ந்தவன் அங்கே போயும் பெஞ்சில்தான் உட்காருவான். வருடாவருடம் புதுப்புது ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால், அப்போது நீங்கள் சந்தேகப்படுவது சரிதான்.

ஸ்பெயின்ல 'பி' அணி இருக்கே, அது இங்கிலாந்து முறையைவிட நல்லதா?

பையன் கண்ணோட்டத்தில், ஆம். ஸ்பெயினில் பெரிய கிளப்புகளின் இரண்டாவது அணி கீழ்ப் பிரிவு லீகிலேயே ஆடும். முதல் அணி இருக்கும் பிரிவுக்கு மட்டும் ஏற முடியாது. 18 வயதுப் பையன் அங்கே குடும்பம் நடத்த ஆடுகிற முப்பது வயதுக்காரர்களோடு மோதுகிறான். கிளப்பின் பாணி மாறாமல், வீடும் மாறாமல். இங்கிலாந்தில் 21 வயதுக்கு உட்பட்டோர் தங்களுக்குள் ஆடுகிறார்கள், ஆட்டம் அழகாக இருக்கும், அடி குறைவு. அதனால்தான் அங்கே லோன் இவ்வளவு முக்கியமாகிவிட்டது.

வேற கிளப் போனா ஆடலாம், இங்கேயே இருந்தா காத்திருக்கணும். எது சரி?

இதற்குப் பதில் சொல்ல 2017 அக்டோபரில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்துக்குப் போக வேண்டும். 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி. ஸ்பெயின் இரண்டு கோல் முன்னிலை எடுத்த பிறகு இங்கிலாந்து 5-2 என்று ஜெயித்தது. இரண்டு கோல் அடித்து, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கியவர் மான்செஸ்டர் சிட்டியின் ஃபில் ஃபோடன். அதே அணியில் ஆடிய ஜேடன் சாஞ்சோ, முதல் சுற்று முடிந்ததும் கிளப் கூப்பிட்டதால் ஜெர்மனிக்குத் திரும்பியிருந்தார். சில வாரங்கள் முன்புவரை அவரும் சிட்டி பையன்தான். முதல் அணியில் இடம் உறுதி இல்லை என்று டார்ட்மண்டுக்குப் போய்விட்டார்.

சாஞ்சோ உடனே ஆடினார், இருபது வயதுக்குள் ஐரோப்பாவே பேசும் விங்கர் ஆனார். ஃபோடன் காத்திருந்தார். சிட்டி கோச் கார்டியோலா அவரை லோனுக்கும் அனுப்பவில்லை. மூத்த மிட்ஃபீல்டர் டேவிட் சில்வா 2020-ல் விலகும்வரை அவர் பக்கத்தில் இருந்து கற்கட்டும் என்றார். 2023-24-ல் ஃபோடன் இங்கிலாந்தின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். அதே சிட்டியில் கோல் பாமர் என்ற இளைஞர் காத்திருக்க விரும்பாமல் 2023-ல் செல்சிக்குப் போய், முதல் சீசனிலேயே லீகில் 22 கோல் அடித்தார்.

மூன்று பேரும் தப்பு செய்யவில்லை. காத்திருக்கச் சொன்னால், எதற்காக, எவ்வளவு காலம், யாருடைய இடத்துக்காக என்று சொல்ல வேண்டும். ஃபோடனுக்கு அதற்குப் பதில் இருந்தது. 'பொறுமையா இரு' என்பது மட்டும்தான் பதில் என்றால், பையைக் கட்டுவது தவறில்லை.

சொந்தமா வளர்த்த பையனையே விக்கறாங்களே, மனசு வருமா?

கணக்கு வழக்கு அப்படி அமைந்திருக்கிறது. வெளியில் வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஒப்பந்தக் காலம் முழுக்கப் பிரித்துப் பிரித்துச் செலவாக எழுதுவார்கள். அவரை விற்றால், மீதி எழுதாத தொகையைக் கழித்தபின்தான் லாபம். அகாடமி பையனுக்கு வாங்கிய விலை என்று ஒன்றும் இல்லை, எனவே விற்ற பணம் முழுதும் லாபம். இங்கிலாந்தில் நஷ்டத்துக்கு வரம்பு வைத்திருப்பதால், ஜூன் மாதம் கணக்கு இடித்தால் கிளப் முதலில் பார்ப்பது சொந்தப் பையன்களைத்தான். மவுண்ட் 2023-லும், காலகர் 2024-லும் செல்சியை விட்டுப் போனதன் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது. கிளப்பைக் காப்பாற்ற வந்த விதி, கிளப்பின் பிள்ளைகளை வெளியே தள்ளுகிறது. இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காசு இருந்தா ரெடிமேடா வாங்கிடலாமே, சொந்தப் பையன் எதுக்கு?

விதி ஒரு காரணம். சாம்பியன்ஸ் லீகில் 25 பேர் பட்டியலில் 8 இடம் உள்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு, அதில் 4 அதே கிளப்பில் வளர்ந்தவர்களுக்கு. பிரீமியர் லீகின் 25-ல் உள்நாட்டில் வளராதவர்கள் 17 பேரைத் தாண்டக் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டவர்களைப் பட்டியலில் சேர்க்கவே தேவையில்லை.

விதியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையோ வளர்ந்தவர்களையோ மட்டும்தான் சேர்க்கும். வெளியிலிருந்து வாங்கி ஓட்டையை அடைக்க வழியில்லை, எனவே லெசாமாவில் இருக்கும் அகாடமிதான் அவர்களுடைய சந்தை. இப்படி இருந்தும் ரியல் மாட்ரிட், பார்சிலோனா போல அவர்களும் முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை. 2024 ஏப்ரலில் ஸ்பெயின் மன்னர் கோப்பையையும் வென்றார்கள், 40 வருடத்துக்குப் பிறகு. மான்செஸ்டர் யுனைடெட்டில் 1937 அக்டோபரிலிருந்து அகாடமியில் வளர்ந்த ஒருவராவது இல்லாமல் ஒரு மேட்சுக்கும் அணி போனதில்லை. 1958-ல் மியூனிக் விமான விபத்தில் எட்டு ஆட்டக்காரர்கள் இறந்த பிறகும் அந்த வரிசை அறுபடவில்லை. மேலே சொன்ன டங்கன் எட்வர்ட்ஸ் அந்த எட்டுப் பேரில் ஒருவர். வயது 21.

பையன் மிட்ஃபீல்டர். அவனை லெஃப்ட் பேக்ல போடறாங்க. அது அநியாயம் இல்லையா?

பெரும்பாலும் இல்லை. ஆர்சனலில் விங்கர் புகாயோ சாகா, இடதுபக்கம் தடுக்கும் லெஃப்ட் பேக்குகள் காயப்பட்ட 2019-20-ல் அந்த இடத்தில் ஆடித்தான் நிலைத்தார். 2024-25-ல் மிட்ஃபீல்டராக வளர்ந்த லூயிஸ்-ஸ்கெல்லியும் அதே வாசலால்தான் உள்ளே வந்தார். வீட்டுக்குள் வந்துவிட்டால் எந்த அறை என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். வருடக்கணக்கில் இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள்.

சின்ன வயசுல நிறைய ஆடினா உடம்பு கெட்டுடாதா?

கெடும். வாய்ப்பு தருவதைப் போலவே நிறுத்தி வைப்பதும் கோச்சின் வேலை. பார்சிலோனாவின் பெட்ரி 2020-21-ல் கிளப், யூரோ, டோக்கியோ ஒலிம்பிக் எல்லாம் சேர்த்து 70 மேட்சுக்கு மேல் ஆடினார், 18 வயதில். அடுத்த சீசனிலிருந்து தொடைக் காயம் திரும்பத் திரும்ப வந்தது. அதே கிளப்பில் அன்சு ஃபாட்டி 16 வயதில் வந்தபோது அடுத்த மெஸ்ஸி என்றார்கள். 2020 நவம்பரில் முழங்காலில் காயம், அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை. மெஸ்ஸி போனதும் அவருடைய 10-ம் எண் சட்டையை அவருக்கே கொடுத்தார்கள். ஆறாத காலோடு நின்ற 18 வயதுப் பையன் முதுகில் அது எவ்வளவு பாரம்! இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

மனசும் உடம்பில்தான் இருக்கிறது. பார்சிலோனாவின் போயான் 17 வயதில் முதல் லீக் சீசனில் 10 கோல் அடித்தார். 2008 யூரோவுக்கு ஸ்பெயின் அழைத்தபோது போகவில்லை. வெளியில் சொன்ன காரணம் வேறு. பதற்ற நோய் தன்னை முடக்கியிருந்ததைப் பல வருடம் கழித்து அவரே பேசினார். பையன் சோர்ந்திருக்கிறான் என்று அம்மா சொன்னால், கோச் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

என் பையனுக்கு 18 ஆச்சு. இன்னும் கூப்பிடலை. அவ்வளவுதானா?

ஹாரி கேனை ஆர்சனல் சிறுவயதிலேயே வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. ஜேமி வார்டியை ஷெஃபீல்ட் வென்ஸ்டே 16 வயதில் விட்டது. அவர் கீழ்மட்ட லீகுகளில் ஆடி, 25 வயதில் லெஸ்டர் வந்து, 2016-ல் பிரீமியர் லீக் வென்றார். இப்படி நடப்பது அபூர்வம், பொய் நம்பிக்கை தர மாட்டேன். படிப்பை விடாதீர்கள். ஆனால் 18 என்பது முடிவு இல்லை. எங்காவது பெரியவர்களோடு வாராவாரம் ஆடிக்கொண்டிருக்கிறானா என்பதே முக்கியம்.

நம்ம நாட்டுல இதுக்கு ஏதாவது செஞ்சாங்களா?

செய்தார்கள், விட்டார்கள். இந்தியக் கால்பந்து சம்மேளனம் இளைஞர்களுக்கென்றே இந்தியன் ஏரோஸ் அணியை ஐ-லீகில் ஆட வைத்தது. 2010-ல் தொடங்கி, 2013-ல் நின்று, 2017 உலகக் கோப்பைப் பையன்களுக்காக மீண்டும் வந்து, 2022-ல் மூடப்பட்டது. அந்த உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் கோலை அடித்த ஜீக்சன் சிங் அந்த அணியில் ஆடி, கேரளா பிளாஸ்டர்ஸ் போய், தேசிய அணிக்கும் வந்தார். குறை என்னவென்றால், மேலே சொன்ன லிவர்பூல் கதைதான்: பக்கத்தில் பெரியவர் இல்லாமல் பையன்கள் மட்டும்.

காரைக்குடி பக்கம் கண்டனூரிலிருந்து போன சிவசக்தி நாராயணனுக்கு வேறு வழி அமைந்தது. பெங்களூரு எஃப்சி முதலில் இளைஞர் லீகில் ஆட வைத்து, பிறகு முதல் அணியில் சுனில் சேத்ரி, ராய் கிருஷ்ணா போன்றவர்களோடு இறக்கியது. 2022-23 இந்தியன் சூப்பர் லீகில் (ஐஎஸ்எல்) வளரும் ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது.

இளைஞர்களை இறக்கற கோச்சுன்னு தனியா உண்டா? இல்ல, எல்லாம் அதிர்ஷ்டமா?

உண்டு. ராஷ்ஃபோர்டை இறக்கியவர் லூயி வான் ஹால். 1995-ல் அயாக்ஸின் கோச்சும் அவரே, க்ளூய்வர்டை இறக்கியவரும் அவரே. பார்சிலோனாவில் சாவி, புயோல், இனியெஸ்டா மூவருக்கும் முதல் அணியில் முதல் மேட்ச் கொடுத்தவர். ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கில் 2009-10-ல் தாமஸ் முல்லருக்கு நிலையான இடம் தந்தவர். நான்கு கிளப், மூன்று பத்தாண்டுகள். ஒரு மனிதர் போன இடமெல்லாம் இப்படி நடந்தால் அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் இல்லை.

சரி, பையனால மேட்ச் தோத்துடுச்சு. அடுத்த மேட்ச்ல எடுக்கறதுதானே அவனுக்கும் நல்லது?

நல்ல எண்ணத்தோடு கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் அவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். களைத்திருக்கிறான் என்றால் ஓய்வு கொடுங்கள், ஓய்வு என்று சொல்லிக் கொடுங்கள், எப்போது திரும்ப வருவான் என்பதையும் சொல்லுங்கள். சொல்லாமல் பெயரை எடுத்தால் அது தண்டனை.

2021 ஜூலை 11, யூரோ இறுதி, வெம்ப்ளி, இங்கிலாந்தும் இத்தாலியும். பெனால்டியில் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ இருவரும் தவறவிட்ட பிறகு ஐந்தாவது உதை 19 வயது சாகாவிடம் வந்தது. இத்தாலியின் டோனருமா தடுத்தார். அன்றிரவு மூவரையும் நிறம் சொல்லித் திட்டினார்கள். ஆர்சனல் என்ன செய்தது? அவரை ஒளித்து வைக்கவில்லை. வாராவாரம் ஆட வைத்தது. 2022 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகப் பெனால்டி கிடைத்தபோது பந்தை எடுத்து வைத்தது சாகா. அந்த இறுதிக்குப் பின் அவருடைய முதல் பெனால்டி அது, கோல். பிறகு 2024 ஜூலை 6, டுசெல்டார்ஃப், யூரோ காலிறுதி, எதிரில் சுவிட்சர்லாந்து. 80-வது நிமிடத்தில் சமன் செய்தவரும் அவர்தான். மேட்ச் மறுபடி பெனால்டிக்குப் போனது. மூன்றாவது உதைக்கு சாகா நடந்து போனார், உள்ளே அடித்தார், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.